பள்ளிவேட்டைக்குப் போன வாய்

எனக்கு மனசுக்கும் வாய்க்கும் நடுவில் கதவு வைக்கப் பிரம்மா மறந்துவிட்டான். சாதாரண நாளில் இது வெளியே தெரியாது. கொஞ்சம் பதற்றம் வந்தால் போதும், உள்ளே நினைப்பதெல்லாம் வெளியே கேட்கும். முணுமுணுப்பு என்று நான் சொல்லிக்கொள்வேன். தெருமுனை வரைக்கும் கேட்கிறது என்பாள் என் வீட்டுக்காரி கோமதி. பாளையங்கோட்டையில் குடைக்கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவரைப் பார்த்து, ‘துணியைத் தடவுகிற தடவலில் இது வாங்குகிற கை இல்லை’ என்று அவருக்கே கேட்கும்படி நினைத்துவிடுவேன். அப்புறம் எப்படி வியாபாரம் நடக்கிறது என்றால், மழை பெய்கிறது, நடக்கிறது.

இப்பேர்ப்பட்ட வாயைத்தான், மகள் வடிவுக்கு மாப்பிள்ளை வீடு பார்த்து வரச்சொல்லி, திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமைக்கு அனுப்பினார்கள். கூட வருவதாக இருந்த மைத்துனன் கடைசி நேரத்தில் காலைச் சுளுக்கிக்கொண்டு படுத்துவிட்டான். ஒத்திவைக்கவும் முடியாது. ஐப்பசித் திருவிழா முடிவதற்குள் வந்து பேசிவிடுங்கள் என்று மாப்பிள்ளையின் அப்பா ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். பையன் வந்து பெண் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து வடிவு கண்ணாடி முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம். ஆகவே இந்த இடம் தட்டிப்போனால் நான் வீட்டுக்குத் திரும்புவதைவிட அங்கேயே சந்நியாசம் வாங்கிக்கொள்வது நல்லது.

வண்டி ஏறும்போது கோமதி ஒரே ஒரு புத்திதான் சொன்னாள். “நெனச்சுக்கிடுங்க. சொல்லிக்கிடாதிய.”

பக்கத்து வீட்டில் ஒரு ரிட்டையர்ட் போஸ்ட்மாஸ்டர் இருக்கிறார். மனஅமைதி பற்றிப் புஸ்தகங்கள் வரவழைத்துப் படிக்கிறவர். அவரும் வழியனுப்ப வந்து ஒரு யோசனை சொன்னார். நினைப்பு வந்தால் வரட்டுமாம், உட்காரச் சொல்லக்கூடாதாம். போனால் போகட்டுமாம், கூடப் போகக்கூடாதாம். எனக்கோ வருகிற நினைப்புக்கெல்லாம் பாய் விரித்து, ஊர் பேர் விசாரித்து, காப்பி கொடுத்து, ராத்தங்கிப் போகச் சொல்லியே பழக்கம்.

முதல் நாளே எல்லைச் சுங்கச் சவுக்கையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். புகையிலை கடத்துகிறார்களா என்று பார்ப்பதற்காக ஒரு தொப்பிக்காரர் ஏறினார். என்னிடம் புகையிலை கிடையாது, சுபாவமாகவே போடுவதில்லை. ஆனால் அவர் என்னைப் பார்த்ததும், ‘நல்லவேளை, நம்மிடம் புகையிலை இல்லை, யாராவது நம் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தால் என்ன ஆகும்’ என்று ஒரு நினைப்பு வந்தது. அது அவருக்கும் வந்து சேர்ந்தது. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரையும் வெயிலில் இறக்கி, அத்தனை மூட்டைகளையும் அவிழ்த்தார்கள். ஒரு கிழவர் தம் வைக்கோல் தலையணையைப் பிரித்துக் காட்டவேண்டியதாயிற்று. என் பெட்டியில் அகப்பட்டது சம்பந்தி வீட்டுக்கென்று கோமதி சுட்டுக் கொடுத்த முறுக்கு. தொப்பிக்காரர் அதை முகர்ந்து பார்த்தார், உடைத்துப் பார்த்தார், பிறகு கடித்துப் பார்த்தார். கடித்துப் பார்ப்பதில் அவருக்கு நெடுநேரம் சந்தேகம் தீரவில்லை. அதற்கப்புறம் திருவனந்தபுரம் வரை பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

இறங்கினால் மழை. எங்கள் ஊர் மழை கூப்பிட்டு வருகிற விருந்தாளி மாதிரி. இந்த ஊர் மழை வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளை மாதிரி, எப்போதும் இருக்கிறது. குடைக்கடைக்காரனாகிய நான் கையில் குடை இல்லாமல் நனைந்துகொண்டு நின்றேன். கடையில் தொங்குகிற குடைகளையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எதிரே ஓலைக்குடை பிடித்துப்போன ஒருவர் நின்று, என்னைப் பார்த்து, மலையாளத்தில் ஏதோ ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அதையும் வாய்விட்டே நினைத்திருப்பேன் போலிருக்கிறது.

மாப்பிள்ளை வீடு சாலைக் கடைத்தெருவில், மண்டிக்கு மேல்மாடி. அப்பா நாகலிங்கம் பிள்ளை, மிளகு, சுக்கு, ஏலம் என்று மலைச்சரக்கு மொத்த வியாபாரம். அவர் தகப்பனார் காலத்தில் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். ஆள் உயரம், சிவப்பு, பேச்சு சுருக்கம். ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அதைத் தராசில் போட்டுப் பார்த்தபிறகுதான் அடுத்த வார்த்தையை எடுப்பார். பையன் சுப்பிரமணியன் கவர்மெண்டு ஆபீஸில் கிளார்க். அப்பாவைவிடச் சுருக்கம். அந்த வீட்டில் பேசுகிற ஒரே ஆத்மா அவன் அம்மா பகவதியம்மாள்தான்.

சாப்பாட்டில் சிவப்பரிசிச் சோறு. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாகச் சொத்துப் பிரித்துக்கொண்டு நின்றது. புளிசேரியும் எரிசேரியும் அமிர்தம். எங்கள் வீட்டுச் சொதிக் குழம்பு இதற்குக் குறைச்சல்தான் என்று காட்டிக்கொடுக்கக்கூடாது என்று வாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆனால் குடிக்கத் தண்ணீர் வைத்தார்கள் பாருங்கள், சிவப்பாக. வேட்டி அலசிய சாயத்தண்ணியை விருந்தாளிக்கு வைக்கிற வழக்கம் எந்தச் சீமையில் உண்டு என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் பந்தி நிசப்தமாகிவிட்டது.

“கருங்காலிக் கட்ட போட்டுக் கொதிக்கவச்ச வெள்ளம் அண்ணாச்சி, தைரியமா குடிங்கோ” என்றார் பகவதியம்மாள். “ஒண்ணு ஆனா நாங்க உத்தரவாதம்.”

மறுநாள் காலை பையன் என்னைப் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு அழைத்துப் போனான். அங்கே தேங்காய் உடைக்கிறார்களே, அது உடைப்பது அல்ல, போர். பத்திருபது பேர் ஒரே சமயத்தில் வீசுகிறார்கள். சில்லு தெறித்துக் கண்ணில் படாமல் பிரார்த்தனை செய்வதே ஒரு வித்தை. நானும் கண்ணை இறுக மூடி, பிள்ளையாரப்பா, குடும்பம் நல்ல குடும்பம், பையனுக்குக் காது மட்டும் கொஞ்சம் கூடுதலாக விரிந்து நிற்கிறது, அது பேரப்பிள்ளைகளுக்கு வராமல் பார்த்துக்கொள் என்று மனசார வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தால் பையன் என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

“மாமா, எனக்குச் சின்னதிலயே இப்படித்தான்” என்றான். கோபமில்லை. தகவல் சொல்வதுபோலத்தான் சொன்னான்.

திரும்பும்போது பெரிய கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கடிகாரத்தைக் காட்டினான். தாடிக்காரன் முகம் ஒன்று மேலே இருக்கிறது. மணி அடிக்கும்போதெல்லாம் அது வாயைத் திறக்கிறது. உடனே இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு ஆட்டுக்கடாக்கள் பாய்ந்து வந்து கன்னத்தில் முட்டுகின்றன. சுற்றி நின்ற ஜனங்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஜாதகத்தை யாரோ மரத்தில் செதுக்கி மேலே ஏற்றிவைத்த மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம்தான் இடி இறங்கியது. நாகலிங்கம் பிள்ளை வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டு, எல்லாம் பிடித்திருக்கிறது, ஆனால் வாக்கு இப்போது சொல்வதற்கில்லை என்றார். அவர்கள் குடும்பத்தில் நல்ல காரியம் எதுவானாலும் பள்ளிவேட்டை முடிந்து, அம்பு பட்ட பிற்பாடுதான் வாய்திறந்து சொல்வார்களாம். பத்மநாபசாமி திருவிழாக் கடைசியில் வேட்டைக்குப் புறப்படுவார். மகாராஜா முன்னால் நடந்துபோய், மேற்குக் கோட்டைப் பக்கம் வேட்டைக்களத்தில் அம்பு விடுவார். போகிறபோது மேளம் இல்லை, கொட்டு இல்லை, ஊர் முழுக்க ஒருத்தர் மூச்சுவிடக்கூடாது. நாளை மறுநாள் நாமெல்லாரும் போய் நின்று பார்க்கிறோம் என்றார்.

“முன்னொருக்க எங்க தங்கச்சிக்குப் பாத்த எடத்துக்காரரு, குளச்சல் ஆளு, சாமி போகும்போ ‘ஆனை வராதா’ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டாரு. அம்புட்டுத்தான், வேண்டாம்னுட்டோம். வேட்டைக்குப் போன எடத்தில சத்தம் போட்டு மிருகத்த வெரட்டுறவரு, நாளைக்கு நமக்கொரு ஆபத்துன்னா என்ன செய்வாரு? யோசிச்சுப் பாருங்கோ அண்ணாச்சி” என்று, வழக்கத்துக்கு மாறாக நீளமாகவே பேசினார் பிள்ளை.

யோசித்தேன். என்ன மிருகம் என்று மட்டும் பணிவாகக் கேட்டேன். இளநீர் என்றார். மிருகத்துக்குப் பதிலாக ஓர் இளநீரை வைத்திருப்பார்களாம், அதன்மேல்தான் அம்பு. நான் சத்தம் போட்டால் இளநீர் எழுந்து ஓடிவிடுமா என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. வெற்றிலையைச் சுருட்டி அதன் தலையில் வைத்து அழுத்தி உள்ளே அனுப்பினேன்.

மூன்றாம் நாள் முழுக்க ஒத்திகை. மாடி அறையில் உட்கார்ந்து, போஸ்ட்மாஸ்டர் சொன்னபடி நினைப்புகளை வரவிட்டுப் போகவிட்டுப் பழகினேன். வந்தன. ஒன்றாவது போகவேண்டுமே! கடையின் பின்கதவைச் சாத்தினேனா என்று ஒன்று வந்தது. சாத்தியிருந்தால் பூனை உள்ளே இருந்ததா என்று கேட்க அதன் தம்பி வந்தது. பூனை உள்ளே இருந்தால் பட்டுக்குடை என்னாகும் என்று அவர்கள் வீட்டுப் பெரியவர் வந்தார். இதற்கிடையில் கீழே மண்டியில் மிளகுச் சாக்கை உதற, தும்மல் வேறு. கடைசியில் துண்டை வாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். காப்பி கொண்டுவந்த பகவதியம்மாள் பல்வலி என்று நினைத்துக் கிராம்புத் தைலம் எடுக்க ஓடினார். கூப்பிட்டு நிறுத்தி, உள்ள சங்கதியைச் சொல்லிவிட்டேன். சொல்லாவிட்டாலும் அவருக்குக் கேட்டிருக்கும்.

அவர் கொஞ்சமும் அதிசயப்படவில்லை. உள்ளே போய் ஒரு கல்கண்டுப் பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தார். சாமி புறப்படும்போது ஒரு பெரிய கட்டியாகப் பார்த்து வாயில் அடக்கிக்கொள்ள வேண்டியது. கடித்தால்தான் சத்தம், கடிக்காதீர்கள் என்றார். இவ்வளவு எளிதான மருந்து இருக்கும்போது மனஅமைதிக்கு எதற்குப் புஸ்தகம் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

பள்ளிவேட்டை நாள். விளக்கு வைத்த பிற்பாடு மேற்குக் கோட்டைக்குப் போனோம். பிள்ளையின் உறவுக்காரர் வீட்டு வாசலில், தெருவை ஒட்டி எங்களுக்கு இடம். ஆண்கள் எல்லாரும் சட்டையைக் கழற்றி இடுப்பில் மேல்முண்டைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கச்சிதமான மார்புகளுக்கு நடுவே என் தொந்தி மட்டும் அயலூர்க்காரனாக நின்றது. கொஞ்ச தூரத்தில் கொப்புகளும் தழைகளும் நட்டு ஒரு சின்னக் காடு செய்து வைத்திருந்தார்கள். அந்தக் காட்டுக்குள் இளநீர், தனக்கு வரப்போவது தெரியாமல் சாந்தமாக இருந்தது. அதன் மனஅமைதி எனக்கில்லை.

கோயில் பக்கத்திலிருந்து கூட்டம் அடங்கிக்கொண்டே வந்தது. விளக்கை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருவதுபோலச் சத்தத்தை யாரோ அணைத்துக்கொண்டு வந்தார்கள். பேசிக்கொண்டிருந்தவர் பாதி வார்த்தையில் நிறுத்தினார். கைக்குழந்தைக்காரி ஒருத்தி குழந்தையின் முகத்தை மார்போடு சேர்த்துக்கொண்டாள். நான் கல்கண்டை வாயில் போட்டேன்.

அப்படி ஒரு நிசப்தத்தை நான் கேட்டதே இல்லை. எங்கள் ஊரில் சாமி புறப்பாடு என்றால் நாலு தெருவுக்கு முன்னாலேயே காது அடைத்துவிடும். இங்கே ஆயிரக்கணக்கான பேர் வெறுங்காலோடு ஈர மணலில் நடக்கிறார்கள். கேட்பது அந்த மணல் மட்டும். தீவட்டியில் எண்ணெய் சொடுக்குகிறது. எங்கோ ஒரு வாளுறை இடுப்பில் உரசுகிறது. வாகனங்கள் தோள்மேல் மிதந்து வருகின்றன.

கல்கண்டு கரைந்துவிட்டது. பயத்தில் என் வாயில் அவ்வளவு நீர் ஊறும் என்று பகவதியம்மாள் எதிர்பார்த்திருக்க மாட்டார். இடுப்பில் இருந்த பொட்டலத்தை எடுக்கலாம் என்றால் காகிதம் சரசரக்கும்.

இப்போது வந்தன நினைப்புகள். பின்கதவு வந்தது. பூனை வந்தது. சவுக்கைத் தொப்பிக்காரர் முறுக்கோடு வந்தார். பேரப்பிள்ளைகள் வரிசையாகக் காதை விரித்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொன்றும் பல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தது. அத்தனை அமைதியில் அவற்றைப் பார்த்தபோது, சந்தையில் வாய் கிழியக் கத்துகிறவனைக் கோயில் சந்நிதியில் பார்த்த மாதிரி, எல்லாம் கூசிப்போய்ச் சின்னதாகத் தெரிந்தன. நான் உட்காரச் சொல்லவில்லை. அவையும் தாமாகவே போயின. போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு கும்பிடு போட்டேன், மனசுக்குள்ளேயே.

அப்புறம் ஒரு பிசாசு வந்தது. இப்போது நீ ‘ஓ’ என்று ஒரு கத்துக் கத்தினால் எப்படி இருக்கும் என்று அது கேட்டது. எனக்குக் கத்த விருப்பமே கிடையாது. ஆனால் கத்தமுடியும் என்று தெரிந்துவிட்டது. உள்ளங்கையில் நகத்தை ஊன்றினேன். பக்கத்தில் நாகலிங்கம் பிள்ளை கைகூப்பி, கண்மூடி நின்றார். பிசாசும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, இவன் லாயக்கில்லை என்று போய்விட்டது.

எல்லாம் போனபின், காலியான வீட்டில் மூலையில் ஒருத்தி உட்கார்ந்திருப்பது போல, ஒரே ஒரு நினைப்பு மிச்சம் இருந்தது.

கடையின் உள்கட்டில் வடிவு குடைக்கம்பிக்குத் துணி தைத்துக்கொண்டிருப்பாள். முன்னால் நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருப்பேன். ‘கதவைச் சாத்தினேனா’ என்பேன். “சாத்தியாச்சுப்பா” என்று உள்ளேயிருந்து வரும். ‘பூனையைக் காணோமே’ என்பேன். “என் மடியில கெடக்கு” என்று வரும். தலை நிமிராமல்தான் சொல்வாள், ஊசி நிற்காது. நான் நினைப்பதற்கெல்லாம் பதில் சொல்ல ஒருத்தி இருந்ததால்தான் எனக்கு இத்தனை நினைப்பு வந்ததோ என்னவோ. அவளை இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டால், அவளும் தையலும் இல்லாத அந்த உள்கட்டைப் பார்த்து நான் என்னத்தைக் கேட்பது? பின்கதவு, பூனை எல்லாமே இந்த ஒரு கேள்வியின்மேல் நானாகக் கொட்டி மூடிவைத்த குப்பை போலிருக்கிறது.

இந்த நினைப்பு பல் வரைக்கும் வரவில்லை. போகவும் இல்லை. இருந்தது.

மகாராஜா வில்லை எடுத்தது தெரிந்தது. ‘டப்’ என்று இளநீரில் அம்பு பாய்ந்தது. அடுத்த கணம் சங்கும் நாதஸ்வரமும் மேளமும் வானம் பிளக்கிற மாதிரி ஒரேயடியாகக் கிளம்பின. ஊரே மூச்சுவிட்டது. ஜனங்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார்கள். நான் தப்பித்தேன். ஒரு சத்தம் இல்லாமல், ஒரு தும்மல் இல்லாமல் முழு வேட்டையையும் முடித்தேன். பெண்கள் வரிசையிலிருந்து பகவதியம்மாள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஊர்வலம் மேளத்தோடு திரும்பி, திருப்பத்தில் மறைந்து, சத்தம் தேய்ந்தது. உறவுக்காரர் வீட்டு முற்றத்தில் குத்துவிளக்கு ஏற்றி, தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்தார்கள். நாகலிங்கம் பிள்ளை தட்டை இரண்டு கையாலும் எடுத்து என்முன் நீட்டினார்.

“அம்பு பட்டாச்சு அண்ணாச்சி. உங்க மகள எங்களுக்குத் தாங்கோ. எங்களுக்குப் பூரண சம்மதம்.”

“தரமாட்டேன்” என்றது என் வாய்.

இப்போது விழுந்த நிசப்தத்துக்கு முன்னால் பள்ளிவேட்டை நிசப்தம் ஒன்றுமே இல்லை. தட்டு நடுவானில் நின்றது. பையன் என்னைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான். கோமதியின் முகம், வடிவின் கண்ணாடி எல்லாம் கண்முன்னே வந்துபோயின. கத்தாமல் காப்பாற்றிய கல்யாணத்தை, பதவிசாக ஒரே ஒரு வார்த்தை சொல்லி நானே முடித்துவிட்டேன். விளக்கம் சொல்லலாம் என்று திறந்தால், அந்தப் பாழாய்ப்போன வாயிலிருந்து உள்கட்டு, தையல், மடியில் கிடக்கும் பூனை, பதில் சொல்ல ஆளில்லை என்று துண்டு துண்டாக என்னென்னவோ வந்தது. கூடவே மூக்கிலிருந்தும் வந்தது.

தட்டைப் பிடித்திருந்த கணவரை லேசாக விலக்கிவிட்டுப் பகவதியம்மாள் முன்னால் வந்தார்.

“நீங்க தராண்டாம் அண்ணாச்சி. நாங்க வந்து கூட்டீட்டுப் போறோம். பொறத்தாலயே நீங்களும் வந்து மாசத்துக்கு நாலு நாள் இங்க கெடந்து பொலம்புங்கோ. இந்த வீட்டில ஆணாப் பொறந்தது ரெண்டும் வாயத் தொறக்காது. எனக்கும் ஒரு ஆளு வேணுமே.”

நாகலிங்கம் பிள்ளை இதைத் தராசில் போட்டார். நெடுநேரம் முள் ஆடிக்கொண்டிருந்தது.

“வேட்டையில சத்தம் போட்டாரா?” என்று கேட்டார் மகனிடம்.

“இல்ல அப்பா.”

“பின்ன என்ன” என்று தட்டை என் கையில் வைத்தார்.

மறுநாள் காலை மழையிலேயே பஸ் ஏறினேன். முறுக்கு வைத்திருந்த இடத்தில் பகவதியம்மாள் கொடுத்த ஏத்தங்காய் உப்பேரி, அதாவது நேந்திரங்காய் வறுவல். வண்டியில் கூட்டமில்லை, என் பக்கத்து இடம் காலி. தலைக்குள்ளும் அப்படித்தான், அலசிவிட்ட முற்றம் மாதிரி கிடந்தது. அந்த ஒரே நினைப்பு மட்டும் கூடவே ஏறிக்கொண்டது. நான் அதை விரட்டவில்லை. என்ன இருந்தாலும் வீட்டுப் பிள்ளை. நகர்ந்து உட்கார்ந்து, ஜன்னல் பக்கத்தை அதற்கு விட்டுக்கொடுத்தேன்.